இரண்டு தரம்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரின் பழைய தெருவொன்றில், ஒன்றோடொன்று ஒட்டி நின்ற செங்கல் வீடுகளில் ஒன்றை வாங்குவதற்காகப் பார்க்க மேகலாவும் கணவர் கெங்காதரனும் போயிருந்தார்கள். ஏழு வீடுகள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. செங்குத்தான படிகளையும் ஈரம் ஊறிய மூலையையும் காட்டி முடித்த பிறகு, வீட்டுக்காரரான முதியவர் யோஹான் சமையலறைச் சுவரில் கைவைத்தார்.

"அந்தப் பக்கத்து வீட்டில கொர்ரி எண்ட வயசான அம்மா தனிய இருக்கிறா. தினமும் காலமை எட்டு மணிக்கு நான் ரெண்டு தரம் தட்டுவன். அவவும் ரெண்டு தரம் தட்டுவா. சுகமா இருக்கிறம் எண்டு அர்த்தம். நீங்கள் தட்டுவீங்களோ?"

கூட வந்த தரகர் சிரித்தார். முன்பு வந்தவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனவர்கள்தாம். மேகலா சிரிக்கவில்லை.

"எட்டு மணிக்கு நான் வேலையில நிப்பன். ஏழு மணிக்குத் தட்டினா அவ எழும்பியிருப்பாவோ? கேட்டுச் சொல்லுங்கோ."

யோஹான் கொர்ரியிடம் கேட்டுவந்து, ஏழு மணி சரி என்றார். அதிக விலை சொன்னவர்கள் இருந்தும், வீட்டை மேகலாவுக்கும் கெங்காதரனுக்குமே கொடுத்தார்.

குடிவந்த முதல் நாள் காலை ஏழு மணிக்கு, பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே நின்று மேகலா இரண்டு தரம் தட்டினாள். சத்தமே இல்லை. கெங்காதரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் காதைச் சுவரில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று.

"மூண்டு தட்டினா என்னவாம்?" என்றார் கெங்காதரன்.

"அதை அவர் சொல்லேல்லையே!"

மேகலா செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். அவள் கதவைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் கொர்ரி சிரித்தபடி நின்றாள்: "மூண்டு எண்டா, வாங்கோ எண்டு அர்த்தம்."