சமையல் சோடா மூன்று ஸ்பூன்

“எங்க வீட்டுல உப்புத் தண்ணிங்க. அதான் முடி இப்படி ஆயிடுச்சு.”

நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் சொன்ன முதல் பொய் இது. தலையில் இறுக்கிச் சுற்றியிருந்த துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எதிரே சுவர் அகலத்துக்கு இருந்த கண்ணாடியில் தன்னைத் தெளிவாகப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பார்லர்க்காரி துணியை அவிழ்த்தாள். “ஐயையோ!” என்றாள்.

போட்டிருந்த கறுப்புச் சாயம் திட்டுத்திட்டாக வெளுத்து, ஒரு பக்கம் செம்பட்டை, ஒரு பக்கம் நரை, நடுவில் பெயர் வைக்க முடியாத ஒரு நிறம். தொட்டால் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி மொரமொரத்தது. வைத்த சீப்பு பாதி வழியிலேயே சிக்கி நின்றது.

பார்லர்க்காரி ஒரு கற்றையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். “உப்புத் தண்ணியில எலுமிச்சம்பழ வாசனை வருமா மேடம்?”

அம்மாளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

“இங்க பாருங்க. என்ன போட்டீங்க, எவ்வளவு போட்டீங்க, எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்கன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. பாதி முடியையாவது காப்பாத்தித் தர்றேன். மறைச்சீங்கன்னா, நான் அடுத்து எதைத் தடவினாலும் கொத்துக் கொத்தா கையோட வந்துடும். வெட்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்றவங்க தலைதான் இங்க மொட்டையாகுது.”

“சமையல் சோடா,” என்றாள் அம்மாள், மடியைப் பார்த்துக்கொண்டு. “மூணு ஸ்பூன். எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் குழைச்சு...”

“தலை பூரா தடவிக்கிட்டு வெயில்ல அரை மணி நேரம் உட்கார்ந்தீங்க!”

“இருபது நிமிஷம்,” என்று அம்மாள் சட்டென்று திருத்தினாள். “இருபதுன்னுதான் போட்டிருந்தது.”

பார்லர்க்காரி சீப்பால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “அப்போ நீங்களும் அந்தக் ‘கூந்தலழகி’ கேஸா! உங்களோட சேர்த்து எட்டுத் தலை ஆச்சு மேடம்.”

“எட்டா?” என்றாள் அம்மாள்.

“எட்டு. இந்த ஒரு கடைக்கு மட்டும். ‘கூந்தலழகி’ன்னு பேரை வெச்சுக்கிட்டு, வாரப் பத்திரிகையில ஒரு பக்கம் கிடைச்சுட்டா வாய்க்கு வந்ததை எழுதிடறதா? ‘ஒரே நாளில் பட்டுக் கூந்தல்’னு தலைப்பு வேற! சாயம் போட்ட முடிக்கு ஆகாது, காய்ஞ்ச முடிக்கு ஆகாதுன்னு ஒரு வரி எழுதினா குறைஞ்சா போயிடும்? என் கையில மட்டும் அவ கிடைச்சா, தலையை மிஷின் போட்டு வழிச்சு விட்டுடுவேன்.”

அம்மாள் கூனிக் குறுகிப் போனாள். கழுத்தைச் சுற்றிக் கட்டிய துணிக்குள் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

பார்லர்க்காரி ஏதோ எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். “ஆமா, அந்தப் புத்தகம் வந்து மூணு வாரம் ஆச்சே. எல்லாரும் அந்த வாரமே அழுதுக்கிட்டு ஓடி வந்தாங்க. இப்படி ஆகுதுன்னு உங்க காதுல விழவே இல்லையா?”

“விழுந்துச்சு.”

“விழுந்தும் போட்டீங்களா? நல்ல ஆள்தான் போங்க!”

அம்மாள் பார்வையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முடி காதோடு நின்றுவிட்டிருந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏழாவது தலை இதோ உட்கார்ந்திருக்கு,” என்றாள் பார்லர்க்காரி. “இடுப்பு வரைக்கும் இருந்துச்சு மேடம். என் கையாலதான் வெட்டினேன், மனசே இல்ல. அடுத்த மாசம் இதுக்குக் கல்யாணம்.”

“விடுங்கக்கா, வளர்ந்துடும்,” என்றாள் அந்தப் பெண். “அவர்கூட ஒண்ணும் சொல்லல. நான்தான் போட்டோ எதுவும் வேணாம்னு சொல்லிட்டேன்.” சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

அம்மாள் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முதலில் அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு எதிர்க் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தலையைச் சரிசெய்துகொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே போய்விடலாம். அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்க்கா கேட்கணும்,” என்றாள் அந்தப் பெண். “அந்தக் கூந்தலழகி இவ்வளவு எழுதினாங்களே, ஒரு தடவையாவது அதைத் தன் தலையில போட்டுப் பார்த்திருப்பாங்களா?”

“அவளாவது, போட்டுப் பார்க்கிறதாவது!” என்று பார்லர்க்காரி நொடித்தாள்.

அம்மாள் நாற்காலியோடு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“நேத்துதான் போட்டுப் பார்த்தேம்மா.”