துருப்பிடித்த பேடுகள்

சேவியர் சார் விற்கப்போகும் ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது அல்ல, அவர் தங்கை பிலோமினா அக்காவுடையது. கார் பந்தயத்தில் அக்காவின் கால் முறிந்த பிறகு சார் அதை ஷெட்டில் பூட்டி வைத்துவிட்டார். கடற்காற்றில் துருவேறி, பிரேக் பேடுகள் சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்விக்கொண்டன. முன்சக்கரங்கள் அசையவில்லை. அவற்றை விடுவிக்கத்தான் என்னிடம் சாவியைக் கொடுத்திருந்தார். வாங்குபவருக்காகப் புது பேட்டரிகூடப் போட்டிருந்தார்.

நான் படிக்கும் மெக்கானிக் மாலை வகுப்பில் சொல்லித்தந்த வரிசையிலேயே செய்தேன். சக்கரத்தைக் கழற்றி, துருவில் எண்ணெய் தெளித்து, ஊறவிட்டு, சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். பேடு விடவில்லை. எங்கோ தப்பு செய்துவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

ஊன்றுகோலோடு வந்து நின்ற அக்கா, "அதுக்கு வலிக்காது, ஓங்கி அடிடி" என்றார்.

அடித்தேன். விட்டது. மற்றதும் அப்படியே.

புதுப் பேடுகளை மாட்டி, சக்கரங்களை இறுக்கியதும் அக்கா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சார், ஷெட் வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "இறங்கு பிலோ. என் மேல ஏத்திட்டா போவ?"

"தள்ளி நில்லுண்ணே."

கார் ஓர் அடி முன்னால் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, பிரேக் பிடிக்கும்ல?"

செய்தவற்றையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தேன். பிடிக்கும் என்றுதான் தோன்றியது.

"ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும் சார்" என்றேன்.