அல்லி வாங்கிய மேசை

குட்டிக்குத் துணி மாற்ற ஒரு மேசை வாங்கலாம் என்று அல்லி முயல் குட்டியையும் தூக்கிக்கொண்டு மரங்கொத்தியாரின் தச்சுக்கடைக்குப் போனாள். அவர் பூவேலை செய்த மேசை ஒன்றைக் காட்டினார்.

“அழகாத்தான் இருக்கு அண்ணே. ஓரத்துல தடுப்பு இல்லையே?”

“மூணு மாசக் குட்டி எங்கம்மா உருளப் போகுது? கிடத்திப் பாரு.”

அல்லி குட்டியைக் கிடத்தி, அதன் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

“கையை எடும்மா, பூவேலை தெரியட்டும்” என்றார் அவர்.

அவளுக்கு மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் குட்டி சட்டென்று புரண்டு, விளிம்போரம் அவள் கைக்குள்ளேயே குப்புற விழுந்தது. மரங்கொத்தியார் பதறி ஓடிவந்தார். அல்லிக்கோ பயம் தெளிந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

“என் மகன் குப்புற விழுந்துட்டான்! முதல்ல பார்த்தது நீங்க. இனி நீங்கதான் அவனுக்குத் தாய்மாமன். மாமாவே நல்ல மேசையா எடுத்துக் கொடுங்க!”

மரங்கொத்தியார் உள்ளே போய், நாலு பக்கமும் தடுப்பு வைத்த மேசையைத் தூக்கிவந்தார்.