தொடாத காப்பி

வந்து அரை மணி நேரமாகியும் பொன்னம்மாள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முன்னால் வைத்த காப்பியில் ஆடை கட்டிவிட்டது.

"எடுத்துக்குங்கம்மா, ஆறுது" என்றார் பெண்ணின் அப்பா ராஜாங்கம்.

"வேணாங்க. இப்ப ஒண்ணும் வேணாம்."

அவ்வளவுதான், பெண் வீட்டார் முகமெல்லாம் சுருங்கிப்போனது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா காப்பியைத் தொடவில்லை என்றால், சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். மரக்காணத்தில் இதைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

பெண்ணின் அம்மா அஞ்சம்மாளுக்கு ஏற்கெனவே ஒரு பயம் இருந்தது.

கால் கழுவ வேண்டும் என்று வந்ததும் வராததுமாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டு, சாவகாசமாகத் திரும்பிய பொன்னம்மாள், அப்போதே அவளை உற்றுப் பார்த்தாள்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே... பாண்டியிலயா?"

"ஐயய்யோ, நான் பாண்டிக்கே போனதில்லீங்க!"

"இன்னா இப்டி சொல்ற? போன செவ்வாக்கிழமகூட இடுப்பு வலின்னு போய்ட்டு வந்தியே!" என்றார் ராஜாங்கம். எந்த நேரத்தில் உண்மை பேச வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்தால்தானே!

இடுப்பு வலியாவது, ஒன்றாவது. உப்பளத்தில் ஒதுங்க ஒரு புதர் கிடையாது. பொழுதெல்லாம் அடக்கி அடக்கி உப்பு வாரி, மூன்று பிள்ளைகளும் பெற்று, இப்போது அஞ்சம்மாள் இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடுகிறது.

ரொம்ப நாள் மூடி மறைத்துப் பார்த்தாள். கடைசியில் வெட்கமாவது மண்ணாவது என்று பாண்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "எத்தனையோ பொம்பளைங்களுக்கு இது இருக்கும்மா, இத்தன நாளா ஏன் வரல?" என்று செல்லமாகத் திட்டிவிட்டு, சதையை இழுத்துப் பிடித்து விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார் அவர். முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. சிரிப்புதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் இந்த அம்மா பார்த்துத் தொலைத்திருக்க வேண்டும். வியாதிக்கார வீடு என்று எழுந்து போய்விட்டால் மகள் கலைமதியின் கதி? அந்தப் பெண்ணோ மாப்பிள்ளை அரவிந்தனைப் பார்த்த கண்ணை இன்னும் எடுக்கவில்லை.

ராஜாங்கம் பேச்சை மாற்றப் பார்த்தார். "ஆமா, போட்டோவுல மாப்ளைக்கு மீச இருந்துச்சே?"

"அத ஏன் கேக்குறீங்க!" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் காசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையில கண்ணாடி முன்னாடி நின்னான். இந்தப் பக்கம் ஜாஸ்தின்னு வெட்டுனான். அப்புறம் அந்தப் பக்கம் ஜாஸ்தியா பூடுச்சு. அதையும் வெட்டுனான். கடைசியில மூக்குக்குக் கீழ ஈ ஒக்காந்தா மாரி நின்னுச்சு. நான்தான் போயி ஈய ஓட்டிவுட்டேன்!"

வீடே அதிர்ந்தது. கலைமதிகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். அஞ்சம்மாள் பல்லைக் கடித்து, டாக்டரம்மா சொன்னபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பொன்னம்மாள் நாற்காலியின் கையை இறுகப் பற்றி, உதட்டை மடித்துச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கும் சிரிக்காதவள் மனசு இனிமேல் எங்கே மாறப்போகிறது! அஞ்சம்மாளுக்கு அழுகை முட்டியது.

காசிலிங்கம் விடுவதாக இல்லை. "நீ கவலப்படாத கலைமதி! வெட்டுன மீசைய காயிதத்துல மடிச்சு எடுத்தாந்துட்டேன். வேணும்னா ஒட்டிக்கலாம்!"

போச்சு. "ஐயோ, அடுப்புல பால்!" என்று கத்திக்கொண்டு, அடுப்பு இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள் அஞ்சம்மாள். சுனாமிக்கு மறுவருஷம் கட்டிய கக்கூஸுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். நல்லவேளை, புடவை தப்பித்தது.

அடுத்த நிமிஷமே கதவு தடதடத்தது.

"நான்தாங்க, பொன்னம்மா. இப்ப ஞாபகம் வந்துடுச்சு! அந்த டாக்டரம்மா ரூம் வாசல்லதான் உங்கள பாத்தேன்!"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மூடிய கதவைப் பார்த்தே அஞ்சம்மாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஆமாங்கம்மா! சிரிச்சா ஒண்ணுக்கு வந்துடுது, அதுக்குத்தான் வைத்தியம் பாக்குறேன். இது ஒட்டுவாரொட்டி இல்லீங்க. எம் பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாது, தங்கமான பொண்ணு. எனக்காக அவள வேணாம்னு சொல்லிடாதீங்க. காப்பியத் தொடாம போயிடாதீங்கம்மா!"

வெளியே கால் மாற்றி மாற்றிக் குதிக்கும் சத்தம்தான் கேட்டது.

"காப்பியத் தொட்டுட்டு, எங்க ஊரு வானூர் வரைக்கும் பஸ்ஸுல எப்டிங்க அடக்குறது? நானும் அதே டாக்டரம்மாகிட்டதான் காட்டுறேன்!" பொன்னம்மாளின் குரல் கெஞ்சியது. "மொதல்ல கதவத் தொறங்க, சம்பந்தி!"