அத்தான் கேட்ட சத்தம்

கத்தியை அவள் தயங்காமல் தோலில் இறக்கினாள். 'இன்னைக்கு அத்தானோட மானம் கப்பலேறணும்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரு பெரிய துளையை அறுத்து எடுத்தாள்.

காலால் மிதித்து அடிக்கும் பேஸ் ட்ரம்மின் முன்பக்கத் தோல் அது. நான்கு வருடமாகப் பெற்ற பிள்ளையைப்போல் அவள் பார்த்துக்கொண்ட ட்ரம். அரங்கில் அப்போது ஈ காக்கை இல்லை.

அவள் அக்காவின் கணவர்தான் அந்த மெட்டல் இசைக்குழுவின் ட்ரம்மர். ட்ரம்மைக் கட்டுவதும், தோல் மாற்றுவதும், மைக் வைப்பதும் இவள் வேலை. இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்து அவர் எழுப்பும் முழக்கத்துக்காக ரசிகர்கள் அவருக்கு 'இடிக்கால்' என்று பேரே வைத்திருந்தார்கள். பேரும் புகழும் அவருக்கு, முதுகுவலி இவளுக்கு.

போன கச்சேரி முடிந்ததும் அந்த இடிக்கால், குழுவினர் அத்தனை பேர் முன்னாலும் இவள்மேல் பாய்ந்தார்.

"என்ன சத்தம் இது? பீப்பாயை உருட்டுற மாதிரி ஒரே முழக்கம்! என் கால் அடிக்கிற அடி ஒண்ணாவது தனியா கேக்குதா? மச்சினியாச்சேன்னு வேலைக்குச் சேத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

குழுத் தலைவரைத் தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தாடி சுருக்கமாக முடித்துவிட்டார். "அடுத்த கச்சேரிய ரெக்கார்ட் பண்றோம். அதுலயும் இப்படித்தான்னா, நீ வேற வேலை பாத்துக்கம்மா."

அக்கா முகத்துக்காக அவள் அன்றைக்குப் பொறுத்துக்கொண்டாள். வேறொரு குழுவின் ட்ரம்மரைக் கேட்டு, எப்படியெல்லாம் மாற்ற வேண்டும் என்று அத்தான் எழுதி அவள் முகத்தில் எறிந்த காகிதம் இன்னமும் சட்டைப்பையில் இருந்தது.

முன்தோலை முடித்துவிட்டுப் பின்பக்கம் வந்தாள். கனமான பழைய தோலைக் கழற்றி எறிந்தாள். ஒரு தலையணையை உள்ளே வைத்து அழுத்தினாள். வேறு தோலை மாட்டித் தட்டிப் பார்த்தாள். ட்ரம்மின் மூச்சு அடங்கிப்போயிருந்தது.

அடுத்து இரட்டைப் பெடல். அதில் ட்ரம்மை அடிக்கிற இரண்டு கம்பளிக் கட்டைகளையும் திருகிக் கழற்றினாள். வலது கட்டை தேய்ந்து வழுக்கைத் தலையாகியிருந்தது, இடது கட்டை கடையில் வாங்கிய மேனிக்கு இருந்தது. இரண்டையும் கருவிப்பெட்டியில் போட்டு மூடிவிட்டு, வேறு இரண்டைத் திருகி மாட்டினாள்.

சாயங்காலம் அத்தான் கைகளைச் சொடுக்கிக்கொண்டு மேடை ஏறினார். "எழுதிக் குடுத்தபடி செஞ்சியா, இல்ல வழக்கம்போல சொதப்பி வச்சிருக்கியா?"

"ஒண்ணு விடாம செஞ்சிருக்கேன், அத்தான்." அவள் முகத்தில் பால் வடிந்தது.

தாடி கீழே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின் முன் உட்கார்ந்து கையைக் காட்டினார். அத்தான் இரண்டு பெடல்களிலும் கால்களை வைத்து வேகமாக மிதித்தார்.

டக். டக், டக். டக்... டடக். டக்.

ஒற்றைக்காலில் நொண்டியாடும் குழந்தையைப்போல் சத்தம் அரங்கெங்கும் தட்டுத் தடுமாறியது. அத்தான் நிறுத்தி, மறுபடி மிதித்தார். இன்னும் மோசம். வெளியே கேட்டருகே ரசிகர்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள்.

"பாத்தீங்களா! வேணும்னே கெடுத்து வச்சிருக்கா!" அத்தான் எழுந்து குதித்தார். "தோலையே அறுத்திருக்கா பாருங்க! பழி வாங்குறா!"

தாடி படியேறி வந்து துளையைப் பார்த்தார். கீழே கிடந்த கத்தியையும் பார்த்தார். "என்னம்மா இதெல்லாம்?"

அவள் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். தாடி உரக்கப் படித்தார்.

"முன்தோல்ல துளை போட்டு மைக்கை உள்ள விடணும். பின்னால தெளிவான புதுத் தோல். உள்ள தலையணை. கம்பளிக் கட்டை கூடாது, பிளாஸ்டிக். மிக்ஸர்ல முழக்கத்தைக் குறைச்சு டக்குங்கறதை ஏத்தணும்." அவர் நிமிர்ந்தார். "கடைசி வரி நான் செஞ்சேன். மிச்சமும் அப்படியே இருக்கு. உன் கையெழுத்துதானேய்யா இது?"

"எழுதினா என்ன? இவ வச்சதுல ஏதோ கோளாறு!"

"மிதிச்சுக் காட்டட்டுமா?" என்றாள் அவள். தினமும் ட்ரம்மைக் கட்டி முடித்து ஆளில்லாத அரங்கில் சரிபார்ப்பவள்தானே. உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தாள். டக்டக்டக்டக் என்று தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ஒரே சீராக ஒவ்வோர் அடியும் மார்பில் வந்து விழுந்தது.

அவள் எழுந்து, கருவிப்பெட்டியைத் திறந்து, பழைய கம்பளிக் கட்டைகள் இரண்டையும் எடுத்துத் தாடியின் உள்ளங்கையில் வைத்தாள். வழுக்கையையும் புதுசையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் அந்த முழக்கத்துக்குள் ஒளிந்திருந்த அத்தானின் இடது காலைப் பார்த்தார்.

"கேட்டைத் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அத்தானுக்கு வேர்த்து ஊற்றியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். நான்கு வருடத்தில் முதன்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பீப்பாய்ச் சத்தமே இருக்கட்டும்மா."