ஓசிக் கணினி

“ஓசியில வந்ததுல என் மகள் படிக்கணுமா டீச்சர்?”

தமிழ்ப்பள்ளியின் கணினி அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் திருச்செல்வம் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ரெங்கம் பட்டணத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். கடையில் பேசுகிற குரலைத்தான் போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோவார்.

ஆசிரியை கஸ்தூரி பிள்ளைகளை உட்காரச் சொன்னார்.

“ஓசின்னு சொல்லாதீங்க சார். இது கட்டற்ற மென்பொருள். லினக்ஸ்னு பேரு. யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், நமக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

“கட்டே இல்லையா? அப்ப ஒருநாள் அவுந்துதான் விழும்!”

பிள்ளைகள் சிரித்தார்கள். தன் பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பில் திருச்செல்வத்தின் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

“யாரும் கேக்காத சரக்கைத்தான் நம்ம தலையில கட்டுவாங்க டீச்சர். நான் வியாபாரி, எனக்குத் தெரியாதா?”

“இதெல்லாம் பழைய கணினிங்க சார். முன்ன இருந்த சிஸ்டம் தொறக்கறதுக்குள்ள பாடமே முடிஞ்சிடும். இப்ப பாருங்க, தட்டின உடனே வந்துடுது. எல்லாம் தமிழ்லயே இருக்கு. பிள்ளைங்க சொந்தமா விளையாட்டெல்லாம்கூட செஞ்சு வச்சிருக்காங்க.”

திரையில் ‘திருத்து’, ‘சேமி’ என்றெல்லாம் இருந்ததைத் திருச்செல்வம் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தது. தமிழில் எழுதியிருந்தால் அது மட்டமான சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

“மலாய்ல ‘பெர்சுமா’ன்னு சும்மாவா சொல்றாங்க? ஓசிக்கும் அதே வார்த்தைதான், வீணுக்கும் அதே வார்த்தைதான். நம்ம சனத்துக்கு எப்பவும் ஓசி! அந்தச் சீனப்பள்ளியைப் போய்ப் பாருங்க. அவங்க பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி கண்டதையும் போட்டுக் குடுப்பாங்களா?”

“சீனப்பள்ளின்னதும் ஞாபகம் வருது சார், அங்க...”

“எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். அடுத்த கூட்டத்துக்குள்ள இதையெல்லாம் எடுத்துடுங்க. நாலு பேருகிட்ட கையேந்தியாவது, காசு குடுத்து வாங்கினதைப் போடுவோம். அப்பதான் நமக்கு மரியாதை.”

பிள்ளைகள் செய்துவைத்த விளையாட்டெல்லாம் போய்விடுமே என்ற கவலை கஸ்தூரியின் முகத்தில் தெரிந்தது. பேச்சை மாற்றினார்.

“கூட்டத்துல பேசிக்கலாம் சார். உங்க சின்ன மகளுக்கு வர்ற வருஷம் ஒண்ணாம் ஆண்டு இல்லையா? நம்ம பள்ளியிலதானே சேர்க்கறீங்க? பிள்ளைங்க குறைஞ்சுகிட்டே போறாங்க, அதான் கேட்டேன்.”

“பாப்போம் பாப்போம். கடையில ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க,” என்று திருச்செல்வம் நடையைக் கட்டினார்.

அந்தச் சனிக்கிழமை காலை, அவருடைய கார் சீனப்பள்ளியின் வாசலைத் தாண்டிப் போய், பின்பக்கச் சந்தில் நின்றது. மனைவி செல்வராணியும் சின்ன மகள் லோஷினியும் இறங்கினார்கள்.

“எதுக்குங்க இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு வரணும்?”

“யாரு ஒளியறா? இங்கதான் லா நிழல் இருக்கு.”

“நம்ம பள்ளியிலயே சேர்த்திருக்கலாம். பெரியவ நல்லாத்தானே படிக்கிறா?”

“அதான் பெரியவ அங்க படிக்கிறா இல்ல? தமிழுக்கு வீட்டுக்கு ஒண்ணு போதும்.”

தலைமையாசிரியர் லிம், புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோரைத் தாமே கணினி அறைக்கு அழைத்துப்போனார். உள்ளே ஏர்கோன் சில்லென்று இருந்தது. திரைகள் முழுக்கச் சீன எழுத்து. திருச்செல்வத்துக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. புரியாததாலேயே மதிப்பு கூடிப்போனது.

“பாத்தியா ராணி? தட்டின உடனே தொறக்குது. காசைப் போட்டு வாங்கினா இதான் தரம்!”

மனைவியிடம் சொன்னது போதாதென்று லிம்மிடமும் மலாயில் ஆரம்பித்தார்.

“இதுதான் சார் கணினி! எங்க தமிழ்ப்பள்ளியிலயும் வச்சிருக்காங்களே, ஓசியில என்னமோ லினக்ஸாம். பாக்கவே கேவலமா இருக்கு.”

லிம் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார்.

“இதுவும் லினக்ஸ்தானே? உங்க தமிழ்ப்பள்ளி கஸ்தூரி டீச்சர்தான் வந்து போட்டுக் குடுத்தாங்க. எங்க ஆசிரியர்களுக்கும் அவங்கதான் பயிற்சி. எங்களுக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

செல்வராணி கணவரைப் பார்த்தாள். கணவர் ஏர்கோனைப் பார்த்தார்.

“உங்க பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரைத்தான் நான் நேர்ல பாத்து நன்றி சொல்லணும்,” என்று லிம் தொடர்ந்தார். “இப்படி ஒரு டீச்சரை வச்சிருக்காரே! தமிழ்ப் பிள்ளைங்க தமிழ்ப்பள்ளிக்குத்தான் போகணும்னு மேடைக்கு மேடை முழங்குவாராமே? பெரிய கொள்கைக்காரர். உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“நான் பாத்ததே இல்ல சார்,” என்றார் சங்கத் தலைவர் திருச்செல்வம்.