மேல் தட்டுச் சேலை

ஜவுளிக்கடையின் மேல் தட்டில் கடுகு மஞ்சள் சேலை ஒன்று கவலையோடு படுத்திருந்தது. நாளைக்கு ஆடித் தள்ளுபடி தொடங்குகிறது. இன்றைக்கு விலைபோகாவிட்டால் வாசல் குவியலில் கிடந்து மிதிபட வேண்டியதுதான்.

"அண்ணே, அதை எடுங்க!" என்று ஒரு அம்மாள் விரலை நீட்டினாள்.

மஞ்சள் ஆசையாகக் கீழே வந்து விரிந்தது. அங்கே ஏற்கெனவே கலைந்து கிடந்த கிளிப்பச்சைச் சேலை சிரித்தது. "ரொம்பத் துள்ளாதே தங்கச்சி. மேலே இருக்கிறவரைக்கும் நானும் 'அது'தான். இறங்கினதும் 'இது' ஆயிட்டேன்."

அம்மாள் மஞ்சளைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது வேணாம். அதோ, அந்த ஊதாவைக் காட்டுங்க."

"என்னக்கா இது? மேலேயும் இதே நிறம்தானே எனக்கு!" மஞ்சளுக்கு அழுகை முட்டியது.

"அழாதே. பக்கத்து நாற்காலிக்காரி உன்னையே பார்க்கிறா, கவனிச்சியா?"

அந்தப் பெண் தன் முன்னால் மலையாகக் கிடந்த சேலைகளை ஒதுக்கிவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள். "அந்தம்மா முன்னாடி இருக்கே, அதைக் கொஞ்சம் கொடுங்க."

அம்மாள் சட்டென்று மஞ்சளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இதுவா? இதை நான் அப்பவே எடுத்தாச்சுங்க!"